வாரம் ஒரு மாத்திரையும் தினம் ஒரு பொட்டலமும்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 46 வயது, எடை 52 கிலோ. இருபது வருஷமாகப் பீடி சுற்றுகிறார். ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்து போனது. அதிலிருந்து ஐந்து மாதமாக இரண்டு கை விரல்களிலும் மணிக்கட்டிலும் வீக்கம். காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, கத்தரி பிடிக்க முடியாது. நெல்லையில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். ஈ.எஸ்.ஆர். 72, சி.ஆர்.பி. 31, ஆர்.ஏ. ஃபேக்டர் 64, ஹீமோகுளோபின் 9.4, யூரிக் ஆசிட் 5.1. முடக்குவாதம் என்று சொல்லி, மெத்தோட்ரெக்ஸேட் 10 மி.கி. வாரம் ஒன்று, ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. வாரம் ஒன்று, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் 200 மி.கி. தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் "இது கேன்சர் மாத்திரை" என்றதும் அப்பா வேண்டாம் என்றுவிட்டார். பிறகு தெரிந்தவர் சொல்லி ஒரு பொடி, காலை ஒரு பொட்டலம், இரவு ஒரு பொட்டலம், இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார். மூன்றே நாளில் வலி போய்விட்டது. ஆனால் ஒருநாள் விட்டாலும் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. முகமும் ஊதினாற்போல் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி குறைந்ததால் வந்த நோயா இது? பொடியைத் தொடரலாமா? புளி, கத்தரிக்காய், மீன், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம், சரிதானா? இனி பீடி சுற்றலாமா? எனக்கும் வருமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தப் பொடி. அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, மாதக்கணக்கில் தொடரவும் கூடாது. மீதமிருக்கும் பொட்டலங்களைக் கையில் எடுத்துக்கொண்டு, இந்த வாரத்துக்குள் அம்மாவைப் பழைய மருத்துவரிடமே அழைத்துப் போங்கள். "இரண்டு மாதமாக இதைச் சாப்பிட்டார்" என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டு வாங்க நேர்ந்தாலும் பரவாயில்லை. அவருக்கு இது தெரியாமல் போனால்தான் ஆபத்து.

காரணம் இதுதான். மூன்று மாத வீக்கத்தை மூன்றே நாளில் வடியவைப்பது, ஒருநாள் விட்டால் ஆளைக் கீழே தள்ளுவது, முகத்தை உருண்டையாக ஊதவைப்பது: இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது ஸ்டீராய்டு. கடிதத்தை வைத்துப் பொடிக்குள் இருப்பது இன்னதென்று நான் அறுதியிட முடியாது. ஆனால் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950-ல் நோபல் பரிசும் வந்தது. கொஞ்ச காலத்திலேயே அதன் மறுபக்கமும் தெரிந்தது: சர்க்கரை ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பொடியும், கண்ணில் புரை விழும், தோல் காகிதமாக மெலியும், மருந்தை நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகத் திரும்பும். அளவு தெரிந்து, குறுகிய காலத்துக்குக் கொடுத்தால் ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். பொட்டலத்தில் மறைந்து வருவதில் உள்ள கேடே அளவு தெரியாததுதான்.

சிறுநீரகங்களின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்டிசாலைத் தினமும் சுரக்கின்றன. வெளியிலிருந்து மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அவை தம் வேலையைக் குறைத்துத் தூங்கிவிடும். அப்போது திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, ரத்த அழுத்தம் சரிதல், காய்ச்சல் நேரத்தில் மயக்கம் வரை போகலாம். அதனால் மருத்துவர் அளவு தெரிந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடிக்கு மாற்றாகக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாக இறக்குவார். தேவைப்பட்டால் காலை எட்டு மணி வாக்கில் ரத்தத்தில் கார்டிசால் பார்ப்பார். கூடவே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். இடையில் வாந்தி நிற்காமல் போனாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, நாள் குறித்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதை நான் சித்த மருத்துவத்தின் மேல் குறையாகச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே சீட்டுப் போட்டு, மருந்தின் பெயரை எழுதி வாங்கிச் சாப்பிடுவது வேறு. பெயரும் தயாரித்த தேதியும் உரிம எண்ணும் இல்லாத பொட்டலம் வேறு. சித்த மருந்தும் வேண்டுமென்றால் இரண்டு மருத்துவருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

இனி நோய்க்கு வருகிறேன். காலில் உடைமுள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. முள்ளோடு போன கிருமியைக் கொல்ல வெள்ளணுக்கள் ஓடி வருகின்றன. அந்தப் போர்தான் அழற்சி. முள் வெளியே வந்ததும் நாலைந்து நாளில் படை கலைந்துவிடும். கலைவதும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியது. அம்மாவின் மூட்டில் முள்ளே இல்லை, ஆனால் படை கலையவில்லை. மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வு, சாதாரணமாக ஓரிரு செல் அடுக்கு கனமே இருப்பது, தடித்துக் களைபோல் வளர்கிறது. அதில் குவிந்த செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற செய்திப் பொருள்களை ஓயாமல் அனுப்புகின்றன. அவை இன்னும் ஆளைக் கூட்டுகின்றன. வளர்ந்த சவ்வு குருத்தெலும்பின் மேல் படர்ந்து, எலும்பின் ஓரத்தை அரிக்கிறது. இன்டர்லூகின்-6 கல்லீரலுக்குப் போனால் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தயாரிக்கிறது, உங்கள் கையிலுள்ள 31 அங்கிருந்து வந்ததுதான். இதே செய்திப் பொருள்கள் விடிகாலையில் உச்சத்துக்குப் போவதால்தான் காலையில் விரல் மடங்க மறுக்கிறது.

ஆகவே எதிர்ப்பு சக்தி குறைந்து வந்த நோயல்ல இது. எதிர்ப்பு சக்தி தன் வீட்டையே எதிரி வீடென்று நினைத்துக்கொண்ட நோய். "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்" என்று விற்கும் லேகியம், பானம், மாத்திரை எதுவும் அம்மாவுக்கு வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்கு இதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும்: வலியும் எலும்பு அரிப்பும் ஒன்றல்ல. வலி மாத்திரையில் வலி அடங்கும்; எலும்பு அரிப்பு அடங்காது. டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசி போட்டுக்கொண்டு ஆறு மாதம் நன்றாகப் பீடி சுற்றியவரின் கையை எக்ஸ்ரே எடுத்தால் விரலடி எலும்பின் ஓரத்தில் எலி கடித்தாற்போல் குழிகள் தெரியலாம். அந்தக் குழி பிறகு எந்த மருந்துக்கும் தூராது. நோய் வந்த மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களுக்கே விரல்கள் விரல்களாக நிற்க அதிக வாய்ப்பு. உங்கள் அம்மாவுக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. நான் அவசரப்படுத்துவது அதனால்தான்.

நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார்களா என்று உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். 2010-ல் வகுத்த அளவுகோலில் மூட்டு, ரத்தப் பரிசோதனை, காலம் என்று மதிப்பெண் போட்டு, பத்துக்கு ஆறு வந்தால் முடக்குவாதம் என்று கொள்வார்கள். நாலு முதல் பத்து சிறு மூட்டுகளுக்கு 3, ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதற்குக் குறைந்தது 2, ஏறிய சி.ஆர்.பி.க்கு 1, ஆறு வாரம் தாண்டியதற்கு 1. நீங்கள் எழுதியதை வைத்தே ஏழு வருகிறது. 46 வயதுப் பெண்ணுக்கு, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவின் மேல் எல்லை, வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 28, அம்மாவுக்கு 72. யூரிக் ஆசிட் 5.1 என்பது இயல்பானது, யூரிக் ஆசிட் கூடி வரும் கவுட் என்ற மூட்டுநோய் என்று எண்ண அதிக இடமில்லை. சி.ஆர்.பி.யில் மட்டும் ஒன்றைப் பாருங்கள்: சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு என்றும் அச்சடிக்கும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். முதல் ரிப்போர்ட்டில் 31 என்றும் அடுத்ததில் 2.8 என்றும் வந்தால், குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் எண்ணுக்குப் பக்கத்திலுள்ள அளவைப் படியுங்கள்.

ஒரு விலக்கு இருக்கிறது. ஐப்பசிக் காய்ச்சல் என்கிறீர்கள். 2006-ல் தமிழ்நாட்டில் பரவலாக வந்த சிக்குன்குனியா அதற்குப் பிறகும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. அது காய்ச்சல் போன பின்பும் மாதக்கணக்கில் இதே மூட்டுகளை வீங்கவைத்து முடக்குவாதம் போலவே வேஷம் கட்டும். ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் வழக்கைத் தீர்க்காது. நோயே இல்லாத நூறு பேரில் ஐந்து பேருக்கும், காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ்-சி உள்ளவர்களுக்கும் அது வரும். ஆகவே ஆன்டி சி.சி.பி. என்ற பரிசோதனையும், சிக்குன்குனியா ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனையும், இரண்டு கை, இரண்டு பாதம் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சி.சி.பி. நன்கு ஏறியிருந்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. எலும்பை அரிக்கும் வகை என்பதற்கும் அது அடையாளம். பாதத்தை ஏன் எடுக்க வேண்டுமென்றால், கால் சுண்டுவிரலின் அடியில் எலும்பு அரிப்பு கைக்கு முன்னாலேயே தெரிவதுண்டு.

இப்போது அந்தக் கேன்சர் மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட் புற்றுநோய்க்கும் கொடுப்பதுதான். மருந்துக்கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் சில புற்றுநோய்களுக்கு ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை நரம்பில் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு எழுதியது வாரத்துக்குப் பத்து. இந்தச் சிறிய அளவில் அது செல்களைக் கொல்லும் வேலைக்குப் போவதில்லை. கூடிக் கத்தும் அழற்சிச் செல்களை அமைதிப்படுத்துகிறது. அமெரிக்காவில் 1988-லேயே முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது. இன்றைக்கும் உலகமெங்கும் இந்த நோய்க்கு முதலில் எழுதும் மருந்து இதுதான், விலையும் அதிகமில்லை.

ஆனால் இந்த மாத்திரையில் ஒரு பிழை உயிரைக் குடிக்கும். வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று சாப்பிடுவதுதான் அது. மெத்தோட்ரெக்ஸேட்டும் ஃபோலிக் ஆசிட்டும் பெரும்பாலும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகளாகவே வரும். வயதானவர் கையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கடையில் பழக்க தோஷத்தில் உறைமேல் "1-0-0", அதாவது தினம் காலை ஒன்று, என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஏழெட்டு நாள் தொடர்ந்தால் வாய் முழுக்கப் புண், பிறகு காய்ச்சல், எலும்பு மஜ்ஜை வற்றி வெள்ளணுவும் தட்டணுவும் சரிந்துவிடும். அதனால் கிழமை ஒன்றை இன்றே குறித்துக்கொள்ளுங்கள். சனி இரவு என்று வைப்போம். சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. மறுநாள் கொஞ்சம் குமட்டலோ அசதியோ இருந்தால் ஞாயிறு ஓய்வோடு போய்விடும். சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் சனிக்கிழமைத் தாள்களில் மட்டும் சிவப்பு மையால் பெரிய வட்டம் போடுங்கள். மாத்திரையை அம்மா தானாக எடுக்க வேண்டாம், நீங்கள் எடுத்துக் கொடுங்கள். கொடுத்ததும் அந்தத் தாளைக் கிழித்து நோட்டில் ஒட்டிவிடுங்கள். ஃபோலிக் ஆசிட் திங்கள்கிழமை என்று வைத்து, வேறு டப்பாவில் போடுங்கள். கடையில் ஒவ்வொரு முறையும் 10 மி.கி. அட்டையையே கேளுங்கள். இந்த மாதம் 2.5, அடுத்த மாதம் 10 என்று வாங்கினால் "நாலு மாத்திரை" என்ற பழைய கணக்கு நாற்பது மில்லிகிராமில் கொண்டுபோய் விடும். ஒரு வாரம் மறந்துவிட்டால் அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. தவறி அதிகம் போய்விட்டால் முறிவு மருந்து உண்டு, லூகோவோரின் என்று பெயர். அது வேலை செய்ய நேரம் முக்கியம், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொடங்குவதற்கு முன்பு முழு ரத்த எண்ணிக்கை, கல்லீரலுக்கு எஸ்.ஜி.பி.டி., சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், ஹெபடைட்டிஸ் பி, சி, ஒரு மார்பு எக்ஸ்ரே. காசநோய் நம் பக்கத்தில் இல்லாத ஊரில்லை என்பதால் எக்ஸ்ரேயை விடாதீர்கள். தொடங்கியபின் முதல் மூன்று மாதம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை முதல் மூன்று பரிசோதனைகள். பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அம்மாவுக்கு மாதவிலக்கு நிற்கவில்லை என்றால் கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த மருந்து கருவுக்கு ஆகாது. காய்ச்சல் வந்து ஆன்டிபயாடிக் சாப்பிடும் வாரத்தில் மெத்தோட்ரெக்ஸேட்டை ஒரு வேளை தள்ளிவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். கோட்ரைமாக்ஸசோல், அதாவது செப்ட்ரான், பாக்ட்ரிம் என்று கடையில் விற்பது, இதோடு சேரவே கூடாது. சேர்ந்தால் மஜ்ஜையை அடித்துவிடும். சிறுநீர்க் கடுப்புக்கு அதைத்தான் கேட்காமலே எடுத்துக் கொடுப்பார்கள், ஜாக்கிரதை. சித்திரை வெயிலில் வயிற்றுப்போக்கு வந்து உடம்பு வற்றினாலும் அந்த வாரம் மாத்திரை வேண்டாம். சிறுநீரகம் வழியாகத்தான் மருந்து வெளியேறுகிறது. புதிதாக வறட்டு இருமலும் மூச்சு வாங்குதலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

இது பொறுமையாக வேலை செய்யும் மருந்து. ஆறு வாரத்தில் அசைவு தெரியும், பன்னிரண்டு வாரத்தில்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். அதற்குள் "பத்து நாள் சாப்பிட்டோம், ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம். இடைப்பட்ட வாரங்களைக் கடத்தத்தான் மருத்துவர் சின்ன அளவு பிரெட்னிசோலோன் கொடுப்பார். பொடியிலிருந்து இறக்குவதும் அதிலேயே முடியும். பத்து மில்லிகிராம் போதவில்லை என்றால் 15, 20, அதிகபட்சம் 25 வரை ஏற்றுவார். வயிறு ஏற்கவில்லை என்றால் வாரம் ஒரு ஊசியாகத் தோலுக்கடியில் போடலாம். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடைக்கு ஏற்றது: கிலோவுக்கு ஐந்து மில்லிகிராம் உச்சம், 52 கிலோவுக்கு 260, எழுதியிருப்பது 200. முதல் வருஷத்துக்குள் ஒருமுறை விழித்திரை பார்த்துக்கொள்ளுங்கள்; ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுதோறும். வலி மாத்திரை தேவைப்பட்டால் ஒன்றுதான், சாப்பாட்டுக்குப் பிறகு, மருத்துவர் சொன்ன நாளுக்கு. ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் வெடிக்கலாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே காட்டுங்கள்.

ஹீமோகுளோபின் 9.4 என்பதை ரத்தச்சோகை என்று சொல்லி யாராவது இரும்பு மாத்திரை கொடுக்கலாம். நாள்பட்ட அழற்சியில் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து இரும்பைக் கிடங்கில் பூட்டிவிடும். குடலும் புதிதாக இரும்பை உள்ளே விடாது. அதனால் மாதக்கணக்கில் இரும்பு சாப்பிட்டும் 9.4 அப்படியே நிற்கலாம். கிடங்கிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் பாருங்கள். அழற்சியில் ஃபெரிட்டின் பொய்யாக உயரும். ஆகவே ஃபெரிட்டின் 100-க்குக் கீழே இருந்து, செறிவு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் உண்மையான இரும்புக் குறையும் சேர்ந்தே இருக்கிறது, மாத்திரை பயன்படும். இல்லையென்றால் மூட்டு அடங்கும்போது ரத்தமும் ஏறிவிடும்.

சாப்பாட்டில் நீங்கள் நிறுத்திய நாலையும் திருப்பிக் கொடுங்கள். புளியும் கத்தரிக்காயும் தயிரும் முடக்குவாதத்தைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மீனை நிறுத்தியது எனக்கு மிகவும் வருத்தம். சாளையும் அயிலையும் விலை குறைந்த மீன்கள். அவற்றின் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 அழற்சியைச் சற்றுக் குறைக்கும். வாரம் இரண்டு நாள் குழம்பாக வையுங்கள், எண்ணெயில் மூழ்கப் பொரிக்க வேண்டாம். முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, பயறு, முட்டை எல்லாம் நல்லது. ஸ்டீராய்டு தசையையும் கரைப்பதால் அம்மாவுக்குப் புரதம் இன்னும் அவசியம். உளுந்தங்களி தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சர்க்கரை ஏறியிருந்தால் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வையுங்கள். மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்; குடலில் அது உறிஞ்சப்படுவது மிகக் குறைவு, மருந்துக்கு மாற்றாகாது. உணவைவிட நான் வலியுறுத்துவது பல் ஈறையும் புகையையும். ஈறு வீங்கி ரத்தம் கசிந்தால் பல் மருத்துவரிடம் சுத்தம் செய்யுங்கள். வீட்டுக்குள் யாரும் பீடியோ சிகரெட்டோ பிடிக்க வேண்டாம். புகைபிடிப்பது இந்த நோய்க்கு உறுதிப்பட்ட காரணங்களில் ஒன்று, மருந்தின் பலனையும் குறைக்கும்.

பீடி வேலையைப் பற்றி. வீக்கம் இருக்கும் மூட்டில் வேலை செய்தால் சவ்வு நசுங்கி இன்னும் வீங்கும். மருந்து பிடிக்கும் முதல் ஆறு வாரமாவது சுற்றாமல் இருக்க முடிந்தால் நல்லது. வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். பீடிக் கடையில் கணக்கு நின்றால் பீடித் தொழிலாளர் கார்டு என்னாகும் என்ற பயமும் இருக்கும். முடியாதென்றால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இலை வெட்டுவதுதான் கைக்குப் பெரிய எதிரி. கட்டைவிரல் அடி மூட்டில் கத்தரியின் முழு அழுத்தமும் இறங்குகிறது. அதை நீங்களோ அப்பாவோ செய்யுங்கள். அம்மாவே வெட்டத்தான் வேண்டுமென்றால் கத்தரியின் வளையங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள். தடித்த பிடிக்கு விரல் கம்மியாக மடங்கினால் போதும். தூள் நிரப்பிச் சுருட்டுவதைவிடப் பீடியின் வாயை மடக்குவதில் நகக்கண் அழுத்தம் அதிகம்; அதை வேறொருவர் செய்யட்டும். அரைமணிக்கு ஒருமுறை சுளகைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் விரல்களை நீட்டட்டும்.

காலையில் ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் வெந்நீர் வைத்து, பத்து நிமிடம் இரண்டு கையையும் முக்கி, உள்ளேயே விரல்களை மெல்ல மடக்கி விரித்து, கட்டைவிரலால் மற்ற நாலு விரல் நுனியையும் தொடட்டும், பத்துத் தடவை. வீக்கம் இருக்கும்போது ரப்பர் பந்தை அழுத்தும் பயிற்சி வேண்டவே வேண்டாம். துணி பிழியும்போது முறுக்க வேண்டாம். குழாயில் மாட்டி இரு கையாலும் இழுக்கட்டும். குடத்தை விரலால் வாயைப் பிடித்துத் தூக்காமல் இடுப்பில் அணைத்து முன்கையில் சுமக்கட்டும். இரவில் மணிக்கட்டுக்குப் பட்டி போட்டுப் படுத்தால் காலை கொஞ்சம் இலகுவாகும்.

உங்களுக்கும் வருமா? இந்த நோய் ஊரில் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு சில மடங்கு கூடும். கூடினாலும் வராமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். ஒரு தொந்தரவும் இல்லாமல் ஆர்.ஏ. ஃபேக்டர் எடுத்துப் பார்த்துக் கவலையை விலைக்கு வாங்காதீர்கள். ஆறு வாரத்துக்கு மேல் விரல் வீங்கி, காலை இறுக்கம் அரைமணி தாண்டினால் அப்போது பாருங்கள்.

அம்மாவின் கையைப் பார்ப்பதை நீங்களே கற்றுக்கொள்ளலாம். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணிமேல் இரண்டு கையையும் வைத்து, முஷ்டி பிடிக்கச் சொல்லுங்கள். விரலடி முட்டிகள் நாலு குன்றுகள், இடையில் மூன்று பள்ளங்கள் என்று தெரிய வேண்டும். பள்ளம் தூர்ந்து மேடாகியிருந்தால் அந்த மூட்டு வீங்கியிருக்கிறது. பிறகு உங்கள் கட்டைவிரலால் ஒவ்வொரு மூட்டையும், உங்கள் நகம் லேசாக வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். முகம் சுளித்தால் வலியுள்ள மூட்டு. ஒவ்வொரு ஞாயிறும் வீங்கிய மூட்டு எத்தனை, வலித்த மூட்டு எத்தனை, காலை இறுக்கம் எத்தனை நிமிடம், வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று சனிக்கிழமைத் தாள் ஒட்டிய அதே நோட்டில் எழுதுங்கள். மருத்துவர் இருபத்தெட்டு மூட்டுகளைத் தொட்டு, வீங்கியதையும் வலித்ததையும் எண்ணி, நோய் எவ்வளவு படுத்துகிறது என்று அம்மா பத்துக்குக் கொடுக்கும் எண்ணையும் அவர் கொடுக்கும் எண்ணையும் கூட்டி சி.டி.ஏ.ஐ. என்று ஒரு கணக்குப் போடுவார். பத்துக்குள் இருந்தால் நோய் கட்டுக்குள், 2.8-க்குள் வந்தால் அடங்கியே விட்டது. மூன்றாம் மாதத்தில் பாதிகூடக் குறையவில்லை என்றால், ஆறாம் மாதத்தில் இலக்கைத் தொடவில்லை என்றால், மருந்தைக் கூட்டவோ மாற்றவோ கேளுங்கள். சல்ஃபாசலசின், லெஃப்ளூனமைட், அதற்குமேல் டோஃபாசிட்டினிப், அடலிமுமாப் என்று படிகள் இருக்கின்றன. கடைசி இரண்டையும் தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். நோய் அடங்கியபின்னும் தானாக நிறுத்தாதீர்கள். குறைப்பதென்றால் மருத்துவர் குறைக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பும் பாருங்கள். இந்த அழற்சி ரத்தக்குழாயையும் விடுவதில்லை. மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மழைக்காலத்துக்கு முன் இன்ஃப்ளூயன்ஸா தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்; உயிருள்ள கிருமி வகை ஊசி மட்டும் கேட்காமல் கூடாது.

ஒரே ஒரு மூட்டு மட்டும் திடீரென்று நெருப்பாகக் கொதித்துக் காய்ச்சலும் வந்தால் அதை முடக்குவாதம் ஏறியதென்று எண்ணிவிடாதீர்கள், மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். அன்றிரவே போக வேண்டும். கண் சிவந்து உள்ளே குத்தும் வலி வந்தாலும் அப்படியே.

செலவுக்குத் தயங்கினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவ வெளிநோயாளிப் பிரிவில் காலையிலேயே சீட்டுப் போடுங்கள். போகும்போது பழைய சீட்டு, எல்லா ரிப்போர்ட், மீதிப் பொட்டலங்கள், அந்த நோட்டு நான்கையும் ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவையும் கூட அழைத்துப் போங்கள். மாத்திரையைப் பற்றிய பயம் அவருக்குத்தான், பதிலை அவரே நேரில் கேட்கட்டும்.